கம்பு சொல்லும் கதை - போடி மலையில் இருந்து அரபு மணல் வரை

முன்னுரை:

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் வானத்தை மறைத்துக் கொண்டு நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. இந்த மலைச்சரிவுகளிலும், மேலே இடுக்கி மாவட்டத் தோட்டங்களிலும் விளையும் ஏலக்காய் போடிக்கு வந்து ஏலம் போகிறது. ஏலக்காய் வணிகத்தை வைத்துத்தான் போடிக்கு வெளியூரில் பெயர். இங்கிருந்து போகும் காய்களில் ஒரு பகுதி கடல் தாண்டி அரபு நாடுகளுக்குப் போகிறது. (குவாத்தமாலா நாடு போட்டிக்கு வந்த பிறகு அந்தச் சந்தையில் நமது பங்கு குறைந்து விட்டது என்பது வேறு கதை.)

அரபு நாடுகளில் இவ்வளவு ஏலக்காயை என்ன செய்கிறார்கள்? காபியில் போடுகிறார்கள். 'கஹ்வா' என்று சொல்லப்படும் அந்தக் காபியில் பால் கிடையாது, பெரும்பாலும் சர்க்கரையும் கிடையாது. ஏலக்காய் மணம்தான் அதன் உயிர். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பார்கள். 2015-ல் இந்தக் காபி உபசரிப்பை யுனெஸ்கோ மனித குலத்தின் கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கல்யாண வீட்டில் இந்தக் காபி உள்ளே சுற்றி வரும்போது வெளியே முற்றத்தில் ஒன்று நடக்கும். ஆண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். எல்லோர் கையிலும் கம்பு இருக்கும். மேளம் ஒலிக்கும். ஆனால் யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள்.

இந்தக் காட்சியைப் படிக்கும்போது தேனி, மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு நம் ஊர்ச் சிலம்பம் நினைவுக்கு வராமல் இருக்காது. இரண்டுக்கும் நேரடி உறவு உண்டு என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கம்பு என்ற எளிய பொருளின் வரலாறு நன்றாகப் புரிகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

அல் அய்யாலா - அடிக்காத கம்பு:

மேலே சொன்ன ஆட்டத்தின் பெயர் 'அல் அய்யாலா'. ஐக்கிய அரபு அமீரகம் முழுவதிலும், ஓமன் நாட்டின் வடமேற்குப் பகுதியிலும் இது ஆடப்படுகிறது. ஒரு வரிசைக்கு ஏறத்தாழ 20 பேர் நிற்பார்கள். கையில் மெல்லிய மூங்கில் அல்லது பிரம்புக் கம்பு. அது ஈட்டிக்கும் வாளுக்கும் பதிலாகப் பிடிப்பது என்பது அவர்களது மரபு. ஒரு வரிசை முன்னால் சாயும்போது எதிர் வரிசை பின்வாங்குவது போல அசையும். தலையும் கம்பும் தாளத்துக்கு ஏற்ப ஒன்றாக ஏறி இறங்கும். வாயில் பாட்டு இருக்கும். 'நபதி' எனப்படும் பேச்சு வழக்கு அரபுக் கவிதையைத்தான் அவர்கள் பாடுவார்கள்.

இரண்டு வரிசைக்கும் நடுவில் பெரிய மேளமும் சிறு மேளங்களும் பித்தளைத் தாளமும் முழங்கும். சிலர் வாளோ துப்பாக்கியோ கையில் வைத்துக் கொண்டு சுற்றி வருவார்கள். அவ்வப்போது அதை மேலே எறிந்து பிடிப்பார்கள். அமீரகத்தில் இளம்பெண்கள் முன்னால் நின்று நீண்ட கூந்தலை இடமும் வலமும் வீசி ஆடுவதும் உண்டு.

இது போர்க்களத்தை நடித்துக் காட்டும் ஆட்டம். ஆனால் போரில் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் இதில் கிடையாது. ஆட்டம் முடியும்போது ஜெயித்தவர் என்றும் தோற்றவர் என்றும் யாரும் இல்லை!

இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. இதில் எல்லா வயதினரும் எல்லா நிலையில் உள்ளவர்களும் ஒரே வரிசையில் நிற்கலாம். தாத்தாவும் பேரனும் தோளோடு தோள் சேர்த்து ஆடலாம். ஆட்டத்தை நடத்தும் தலைவர் பொறுப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் அவரது கடமை. நம் ஊரில் 'ஆசான்', 'வாத்தியார்' என்று சொல்வோமே, அதே இடம்தான்.

கல்யாணத்துக்கும், டிசம்பர் 2 அன்று வரும் அமீரகத்தின் தேசிய நாளுக்கும் (1971-ல் அந்த நாடு உருவான நாள்) அய்யாலா இல்லாமல் இருக்காது. அங்கு வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர் ஆட்கள் பலர் இதை நேரில் பார்த்திருப்பார்கள். 2014-ல் அமீரகமும் ஓமனும் சேர்ந்து விண்ணப்பித்து இதை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

கம்பு எங்கிருந்து வந்தது?

வணிகம் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். பாலைவன நாட்டில் மூங்கில் ஏது?

வளைகுடாக் கரையில் மூங்கில் தானாக விளைவது இல்லை. வீட்டுக் கூரைக்கு வேண்டிய மூங்கிலும், மரக்கலம் கட்டத் தேக்கும் பல காலம் இந்தியாவின் மேற்குக் கரையில் இருந்துதான் அங்கே கப்பலேறின. அரிசி, மிளகு, ஏலக்காய் ஆகியவையும் அதே வழியில் போயின. அங்கிருந்து பேரீச்சம்பழமும் முத்தும் குதிரையும் இந்தப் பக்கம் வந்தன. ஆக, மூங்கில் என்பது அந்த மணல் நாட்டுக்குக் கடல் கொண்டு வந்து சேர்த்த சரக்கு. அப்படி வந்த சரக்கு ஒரு நாட்டின் கல்யாண ஆட்டத்தில் நிரந்தர இடம் பிடித்து விட்டது என்பது யோசித்துப் பார்த்தால் வியப்பாகவே இருக்கிறது.

எகிப்தின் தஹ்தீப்:

அரபு உலகில் கம்பு ஆட்டத்துக்கு இன்னும் பழைய சான்று எகிப்தில் இருக்கிறது. அங்கு அதன் பெயர் 'தஹ்தீப்'. அபுசீர் என்ற இடத்தில் உள்ள சாகுரே மன்னனின் பிரமிடைச் சேர்ந்த சிற்பங்களில், வீரர்கள் கம்பு வைத்துப் பயிற்சி எடுக்கும் காட்சி இருக்கிறது. அது ஏறத்தாழ 4,400 ஆண்டுகள் பழமையானது. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் மெதினத் ஹபு கோவில் சுவரிலும் கம்புச் சண்டை செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே அது அரசவையார் முன்னால் நடக்கும் போட்டியாகக் காட்டப்படுகிறது. போர்ப் பயிற்சியாக இருந்தது வேடிக்கை பார்க்கும் விளையாட்டாக மாறியது அவ்வளவு பழைய கதை!

இன்று தெற்கு எகிப்தின் கிராமங்களில் கல்யாணம், திருவிழா என்றால் தஹ்தீப் உண்டு. இருவர் நீண்ட கம்போடு நடுவில் இறங்குவார்கள். ஒருவரை ஒருவர் சுற்றி வருவார்கள். ஒருவர் வீசும்போது மற்றவர் தடுப்பார். ஆனால் அடி உடம்பில் விழக் கூடாது. கம்பைக் கடைசி நொடியில் நிறுத்தத் தெரிந்தவனே அங்கே கெட்டிக்காரன். பக்கத்தில் 'மிஸ்மார்' என்ற குழல் வாத்தியமும் பெரிய மேளமும் முழங்கும். மிஸ்மார் நம் நாயனம் போலவே இரட்டைச் சீவாளி வைத்து ஊதுவது. நாயனமும் தவிலும் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

பெண்கள் சிறு கம்பை வைத்துக் கொண்டு இதையே நளினமாகவும் கிண்டலாகவும் ஆடுவது தனி ஆட்டமாகவே வளர்ந்திருக்கிறது. தஹ்தீப் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

நம் ஊர்க் கம்பு:

இப்போது மலைக்கு இந்தப் பக்கம் வருவோம்.

தமிழ்நாட்டில் கம்பு பிடித்து ஆடும் ஆட்டங்கள் பல. பெண்கள் கையில் சிறு கோல்களோடு ஆடுவது கோலாட்டம். மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்துக் கொண்டு பின்னியும் பிரித்தும் ஆடினால் அது பின்னல் கோலாட்டம். கன்னியாகுமரிப் பக்கத்தில் ஆண்கள் குத்துவிளக்கைச் சுற்றி நின்று குறுங்கோல்களைத் தட்டி ஆடுவது களியல். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போனால் கோல்களி இருக்கிறது. மலபார் மாப்பிளா முஸ்லிம்களும் பையனூர்ப் பக்கத்து இந்துக்களும் அதை ஆடுகிறார்கள். அதன் காலடிகளில் களரிப் பயிற்சியின் சாயல் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன் போல நிற்பது சிலம்பம். கம்பு வேகமாகச் சுழலும்போது எழும் ஒலியை வைத்து வந்த பெயர் என்பார்கள். 'சிலம்புதல்' என்றால் ஒலித்தல். மலைக்கும் 'சிலம்பு' என்ற பெயர் தமிழில் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

கம்பு பிடிப்பவரின் புருவ உயரம் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. மூங்கிலை வெட்டி, பதப்படுத்தி, நெருப்பில் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசி வைப்பார்கள். ஆசானை வணங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு விட்டுத்தான் கம்பைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் கற்றுத் தருவது காலடி. மாதக்கணக்கில் காலடி பழகிய பிறகே கம்பு வீச்சு.

சிலம்பத்தில் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று போர்ச் சிலம்பம், அதாவது எதிராளியோடு மோதுவது. மற்றொன்று அலங்காரச் சிலம்பம், அதாவது பார்ப்பவர் மகிழச் சுற்றிக் காட்டுவது. தென்மாவட்டக் கோவில் திருவிழாக்களில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் மேளச் சத்தத்துக்கு இளைஞர்கள் கம்பு சுற்றிக் கொண்டு போவது இந்த இரண்டாவது வகை. பொங்கல் விளையாட்டுகளிலும் கம்பு சுற்றுவது உண்டு. இருட்டிய பிறகு கம்பின் இரு முனைகளிலும் தீப்பந்தம் கட்டிச் சுற்றும்போது நெருப்பு வளையம் ஒன்று காற்றில் நிற்கும். அதைச் சிறு வயதில் ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வாள் போனது, கம்பு நின்றது:

அய்யாலாவில் கம்பு என்பது வாளுக்கு அடையாளம் என்று பார்த்தோம். நம் பக்கத்தில் கதை கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது.

மதுரை நாயக்கர் காலத்தில் தென்னாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. போடிநாயக்கனூரும் அதில் ஒன்று. அதை ஆண்டவர்கள் ராஜகம்பளத்து நாயக்கர் வழியினர். இன்று அந்தச் சமூகத்தார் திருவிழாவிலும் கல்யாணத்திலும் உறுமி ஒலிக்கு ஆடும் தேவராட்டத்தில் கைக்குட்டைதான் இருக்கிறது, ஆயுதம் இல்லை. பாளையம் என்றாலே படை. பாளையக்காரரிடம் வாளும் வேலும் வளரியும் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

கட்டபொம்மனின் 1799-ஆம் ஆண்டுப் போரும், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டுப் போரும் முடிந்தவுடன் கும்பினியார் முதலில் செய்த வேலை ஆயுதங்களைப் பிடுங்கியது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி வந்த அறிவிப்பு தென்பாளையத்து மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. பாளையக்காரர்கள் வரி கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். பின்னர் 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் துப்பாக்கி, வாள், ஈட்டி, வில், அம்பு என்று பட்டியல் போட்டுக் கட்டுப்படுத்தியது.

அந்தப் பட்டியலில் கம்பு இல்லை. எப்படி இருக்க முடியும்? மாடு மேய்ப்பவன் கையில் கம்பு. இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன் கையில் கம்பு. மலைப்பாதையில் சுமையோடு ஏறுகிறவனுக்கு ஊன்றுகோலாகவும், பாம்பு வந்தால் அடிப்பதற்கும் கம்பு. தாத்தா கையிலும் கம்பு. அதைத் தடை செய்ய எந்தச் சர்க்காராலும் முடியாது. வாளும் வேலும் போன பிறகு சாதாரண மனிதன் கையில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஆக, அரபு நாட்டான் வாளைக் கையில் வைத்துக் கொண்டே விழாவில் கம்பையும் பிடித்தான். தமிழன் வாளைப் பறிகொடுத்து விட்டுக் கம்பைப் பிடித்துக் கொண்டான். அய்யாலாவில் வாளும் துப்பாக்கியும் இன்றும் சுற்றி வருவதையும், சவூதி அரேபியாவின் 'அர்தா' ஆட்டத்தில் மன்னரே வாள் பிடித்து ஆடுவதையும் பார்க்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரிகிறது.

யார் செலவு செய்கிறார்கள்?

ஒரு கலை பிழைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டும், செலவு செய்ய ஓர் ஆள் வேண்டும். இது பொருளாதாரம்.

வளைகுடாக் கரையில் 1930-களில் முத்துக் குளிக்கும் தொழில் விழுந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்த ஊர்களை வறுமையில் தள்ளின. 1962-ல் அபுதாபி எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கியது. அதன் பின் பணம் கொட்டியது, வாழ்க்கை தலைகீழாக மாறியது. இவ்வளவு வேகமான மாற்றத்தில் பழைய ஆட்டம் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. கல்யாணம் நடத்துபவர்கள் குழுக்களைக் கூலி கொடுத்து அழைத்தார்கள். அரசும் தேசிய விழாக்களில் இடம் கொடுத்தது. வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் வரவேற்பில் அய்யாலா நின்றது. சிறு நாடு தன்னை 'நாங்கள் இன்னார்' என்று சொல்லிக் கொள்ள ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அந்த இடத்தைக் கம்பு ஆட்டம் நிரப்பியது.

சிலம்பத்துக்கு அப்படி ஒரு புரவலர் நெடுங்காலம் கிடைக்கவில்லை. ஊர்த் திருவிழாவும் ஆசானின் பிடிவாதமும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றி வந்தன. சினிமாவில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றியபோது கொட்டகையில் விசில் பறந்தது. அண்மைக் காலத்தில்தான் அரசின் பார்வை இதன் மேல் விழுந்தது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் தரப்படும் 3 சதவீத ஒதுக்கீட்டில் 2021-ல் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இப்போது நகரங்களில் பெண் குழந்தைகள் உட்பட ஏராளமானவர்கள் வகுப்புக்குப் போகிறார்கள். இது மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. போட்டி என்று வந்து விட்டால் வயதுப் பிரிவு வரும், எடைப் பிரிவு வரும், புள்ளி வரும், சான்றிதழ் வரும். சான்றிதழ் கிடைத்து வேலையும் கிடைத்து விட்டால் கம்பு மூலைக்குப் போய் விடும். அறுபது வயது ஆசானுக்கும் பத்து வயதுப் பேரனுக்கும் அந்தப் போட்டியில் சேர்ந்து நிற்க இடம் இல்லை. மேளக்காரருக்கும் அங்கே வேலை இல்லை. அய்யாலாவை இத்தனை காலம் வாழ வைத்தது அந்த வரிசைதான். அதில் வயது பார்ப்பது இல்லை, ஜெயிப்பது தோற்பது இல்லை, மேளம் இல்லாமல் ஆட்டமும் இல்லை. சிலம்பத்தின் போர் முகம் இன்று விளையாட்டாகப் பிழைத்துக் கொண்டது. அதன் விழா முகம்தான் இப்போது ஆபத்தில் இருக்கிறது.

அய்யாலா, தஹ்தீப், 2023-ல் குஜராத்தின் கர்பா என்று யுனெஸ்கோ பட்டியலில் இத்தனை நாட்டார் ஆட்டங்கள் ஏறிய பிறகும் சிலம்பம் அதில் இல்லை. பட்டியலில் ஏறினால் பெருமைதான். ஆனால் பட்டியல் ஆடாது, மனிதர்கள்தான் ஆட வேண்டும்.

முடிவுரை:

கம்பு ஆட்டம் எங்கே பிறந்தது, யார் யாரிடம் கற்றார்கள் என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. மனிதன் முதலில் கையில் எடுத்த ஆயுதம் கம்பாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதைக் கொண்டு அடிக்காமல் இருக்கவும் முடியும் என்று அவன் கண்டுபிடித்த நாள்தான் ஆட்டம் பிறந்த நாள். எகிப்தின் கிராமத்தானும், அரபு நாட்டுக் கல்யாண வீட்டுக்காரனும், வைகைக் கரையின் சிலம்ப வாத்தியாரும் சொல்லிக் கொடுப்பது ஒரே பாடம்தான். வீசத் தெரிய வேண்டும், நிறுத்தவும் தெரிய வேண்டும்.

குரங்கணிச் சரிவின் ஏலக்காயை அரபு நாட்டுக்காரர்கள் தங்கள் விருந்தில் இருந்து விட்டு விடவில்லை. பணம் வந்த பிறகும் கம்பை விடவில்லை. கம்பு விளையும் மலைக்குக் கீழே வாழும் நாம் அதை விட்டு விடலாமா? அடுத்த திருவிழாவில் ஸ்பீக்கர் செட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஊர் ஆசானுக்கும் மேளக்காரருக்கும் ஒதுக்கினால் போதும். ஊர்வலத்தின் முன்னால் மறுபடியும் கம்பு சுழலும்.